அது காசித்தும்பை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கைப் பற்றி வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். நானும் போய்வந்த இடம் என்பதால் ஆசையோடு படித்தேன். ஆனால் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்த வண்ணப் படத்தையும் அதன் கீழிருந்த வரியையும் பார்த்ததும் மனம் ஒப்பவில்லை. 'புஷ்பாவதி ஆற்றங்கரையில் பூத்துக் குலுங்கும் இமயமலைக் காசித்தும்பை' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி. இந்தச் செடியின் விதையைக் கொஞ்சம் கொண்டுவந்து ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தூவினால் நன்றாக வரும் என்று வாசகர்களுக்கு யோசனை சொல்கிறது.

படத்தில் இருப்பது காசித்தும்பை அன்று. ஆங்கிலத்தில் வில்லோஹெர்ப் என்று சொல்லும் செடி வகையைச் சேர்ந்தது. அதிலும் மலை ஓடைகளின் கூழாங்கல் கரையில் வளரும் 'ரிவர் பியூட்டி'. தாவரவியல் பெயர் சாமநேரியான் லாட்டிஃபோலியம். பழைய நூல்களில் எபிலோபியம் லாட்டிஃபோலியம் என்று இருக்கும். 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர் அது.

நான் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். 2018 ஆகஸ்டில் திருவதரியில் (பத்ரிநாத்தில்) பெருமாளைச் சேவித்துவிட்டு, கீழே இறங்கும் வழியில் கோவிந்த்காட்டில் வண்டியை விட்டு இறங்கி, நானும் என் தங்கையும் மட்டும் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போனோம். கூட வந்தவர்கள் எல்லாரும் ஹரித்வாருக்குப் போய்விட்டார்கள். புல்னா வரை ஜீப். அங்கிருந்து காங்கரியா வரை நான் நடந்தேன். தங்கைக்கு முழங்கால் வலி, கோவேறு கழுதையில் வந்தாள். மறுநாள் காலை நடையில் பூர்ஜ மரக் காட்டைக் கடந்து பள்ளத்தாக்குக்குள் நுழைந்தோம். மாலை 5 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. இரவு தங்க யாருக்கும் அனுமதி கிடையாது.

காசித்தும்பையின் உறவுச் செடிகள் அங்கே இல்லாமல் இல்லை. பாதையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அவைதான் நின்றன. கையால் விலக்கி விலக்கித்தான் நடந்தோம். தண்டெல்லாம் நீர் கோத்துக் கண்ணாடி மாதிரி இருக்கும். பூ ஒரு சின்னப் பை போலத் தொங்கும், பின்னால் வால் ஒன்று சுருண்டிருக்கும். முற்றிய காயைத் தொட்டால் போதும், பட்டென்று வெடித்து விதையைத் தெறிக்கும். நம் வீட்டு வாசலில் வைக்கும் காசித்தும்பையில் சின்ன வயதில் நாம் எல்லாரும் விளையாடிய அதே விளையாட்டுதான். அங்கே தங்கையும் நானும் இரண்டு கிழவிகள் நின்று ஒவ்வொரு காயாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம்.

ஆனால் கட்டுரையின் படம் அந்த இடத்தில் எடுத்ததில்லை. 1939-ல் செடி சேகரிக்க வந்து, பாறையில் வழுக்கி விழுந்து உயிர் விட்ட ஜோன் மார்கரெட் லெக் அம்மையாரின் கல்லறை உள்ளே இருக்கிறது. அதையும் தாண்டி நடந்து ஆற்றுப் படுகைக்கு இறங்கினால் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் நிறத்தில் கூழாங்கல்லும் பனியாறு அரைத்துத் தள்ளிய மணலும்தான். அந்தக் கல் பரப்பில் முழங்காலுக்கும் கீழான உயரத்தில், பாய் பாயாகச் சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள். தங்கள் படத்திலும் கல்தான் தெரிகிறது, செடியும் குட்டையாகத்தான் இருக்கிறது. காசித்தும்பை வகைக்கு நிழலும் ஈரமும் கொழுத்த மண்ணும் வேண்டும். வெயில் காயும் வெறும் கல்லில் இப்படிப் பாய் விரிக்காது. இடத்தைப் பார்த்தே பாதி சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மீதி சந்தேகத்தைப் பூ தீர்த்துவைக்கும். அங்கே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, பறிக்காமல், குனிந்து, பத்து மடங்கு பெரிதாக்கும் என் பழைய கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அல்லி இதழ் நான்கு. அகலமான இதழ்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இடைவெளி விட்டு விரிந்திருந்தன. அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒடுங்கிய, கருஞ்சிவப்பான புல்லி இதழ் ஒன்று. தூரத்திலிருந்து பார்த்தால் இளஞ்சிவப்பு வட்டத்தின் மேல் கருஞ்சிவப்பில் சிலுவை போட்ட மாதிரி இருக்கும். அது தங்கள் படத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மகரந்தத் தாள் எட்டு. மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூலகமுடி நான்காகப் பிரிந்து பின்னோக்கி வளைந்திருக்கும். மகரந்தப் பை வெடித்த பூ ஒன்றில் ஒட்டடை போல மெல்லிய இழைகள் தொங்கின. மகரந்தத் துகள்களை ஒன்றோடொன்று கட்டி வைக்கும் பசை நூல் அது. வில்லோஹெர்ப் குடும்பத்தின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. படத்தில் மட்டும் பார்த்துப் பிள்ளைகளுக்கு நடத்தியதை, 60 வயதுக்கு மேல் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். உடனே தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "அக்கா, சிலந்தி வலை கட்டியிருக்கு" என்றாள்.

முக்கியமான சங்கதி பூவுக்குக் கீழே இருக்கிறது. பூவின் காம்பு என்று நாம் நினைப்பது காம்பு மட்டும் அன்று. மேல் பாதி சற்றுத் தடித்து, சாம்பல் பூத்த சிவப்பில் நீண்டிருக்கும். அதுதான் சூற்பை, பிறகு காயாகப் போவது. இதழெல்லாம் அதன் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. வகுப்பில் கீழ்மட்டச் சூற்பை என்று நடத்துவோமே, அது. எபிலோபியம் என்ற கிரேக்கப் பெயருக்கே 'நெற்றின் மேல்' என்றுதான் பொருள். பெயரிலேயே அடையாளத்தை முடிந்து வைத்திருக்கிறார்கள். காசித்தும்பையில் இது தலைகீழ். அதன் சூற்பை பூவுக்குள்ளே மேலே இருக்கும். இந்த ஒன்றைப் பார்த்தால் போதும், இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவு சொல்லும் நானே அன்றைக்கு முதலில் தவறான பெயரைத்தான் குறிப்பேட்டில் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வில்லோஹெர்ப் என்பது புரிந்துவிட்டது. ஆனால் அதே இனத்தில் 'ஃபயர்வீட்' என்று இன்னொன்று உண்டு, சாமநேரியான் அங்குஸ்டிஃபோலியம். காட்டுத் தீ எரிந்து அடங்கிய இடத்தில் முதலில் முளைப்பதால் அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த லண்டன் தெருக்களில் பூத்ததும் அதுதான். இமயத்திலும் காட்டுச் சரிவுகளில் வளர்கிறது. புத்தகத்தில் அதிகம் பழகிய பெயர் என்பதால் கை அதையே எழுதிவிட்டது. எழுதிய பிறகும் மனம் கேட்கவில்லை. ஃபயர்வீட் ஆள் உயரம் போகும், ஒரே தண்டில் கதிர் மாதிரி வரிசையாகப் பூ வைக்கும். இங்கே இருந்தது புதராகக் கிளைத்துத் தரையோடு கிடந்தது. தண்டின் நுனியில் நாலைந்து பூ மட்டும், ஒவ்வொன்றின் அடியிலும் இலை மாதிரியே ஒரு பூவடிச் செதில்.

அதனால் மறுபடி உட்கார்ந்தேன். இலையைத் தொட்டுப் பார்த்தேன். தடித்த இலை, நீலம் பாய்ந்த சாம்பல் பச்சை, மேலே சாம்பல் பூசணிக்காய்க்கு இருப்பது போல லேசான மாவுப் பூச்சு. வெயிலுக்கு எதிரே ஒரு கிளையை வளைத்துப் பிடித்துப் பார்த்தும் பக்க நரம்பு தெரியவில்லை. ஃபயர்வீட்டின் இலை மெல்லியது, நீளமானது. அதில் பக்க நரம்புகள் விளிம்பை எட்டுவதற்குள் வளைந்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வது பளிச்சென்று தெரியும். அடுத்தது சூலகத்தண்டு, அதாவது சூலகமுடியைத் தாங்கும் தண்டு. ஃபயர்வீட்டில் பூ விரிந்த புதிதில் அது கீழ்நோக்கி மடிந்திருக்கும். பிறகு நிமிர்ந்து மகரந்தத் தாள்களைத் தாண்டி வெளியே நீளும், அடிப்பகுதியில் மயிர் இருக்கும். ஆகவே ஒரு பூவைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. அன்று விரிந்தது, இரண்டு நாள் ஆனது, உதிரப் போவது என்று ஏழெட்டுப் பூக்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சூலகத்தண்டு மகரந்தத் தாளைவிடக் குட்டை. மயிரும் இல்லை. குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'லாட்டிஃபோலியம்' என்று திருத்தினேன். அகன்ற இலை என்று பொருள். அதற்குள் தங்கை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். "அக்கா, மணி ரெண்டாச்சு, திரும்ப வேணாமா?" என்றாள். வழி காட்ட வந்த மலைப் பையன் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் குந்தி, நான் பார்த்த பூவையே அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியை அவனிடம் கொடுத்தேன். திருப்பித் தர அவனுக்கு மனசே இல்லை.

சின்னப் பூ வைக்கும் வில்லோஹெர்ப்களும் இமயத்து ஊற்றோரங்களில் உண்டு. அவற்றில் இலைகள், அடியிலாவது, எதிரெதிராக இருக்கும். இதழ் நுனி பிளந்திருக்கும். அவைதான் இன்றைய கணக்கில் உண்மையான எபிலோபியங்கள். தங்கள் படத்தில் இருப்பது அவையும் அல்ல.

இந்தச் செடி ஒரு வருடத்தோடு மடிவதும் இல்லை. ஆறு கரையை அரித்திருந்த ஓர் இடத்தில் செடி ஒன்றின் அடி முழுக்க வெளியே தெரிந்தது. விரல் தடிமனுக்கு மரத்துப்போன வேர்க்கட்டை, கற்களுக்கு நடுவே வளைந்து வளைந்து கீழே இறங்கியிருந்தது. அதன் தலையில் போன வருடத்துத் தண்டுகள் காய்ந்து பழுப்பேறி நின்றன; அவற்றுக்கு இடையிலிருந்துதான் இந்த வருடத்துப் பச்சைத் தண்டுகள் கிளம்பியிருந்தன. பனிக்காலத்தில் மேலே இருப்பதெல்லாம் மடியும், வேர்க்கட்டை மட்டும் பனிக்கு அடியில் உயிரோடு இருக்கும். காசித்தும்பை வகையில் அங்கே பாதையோரம் பார்த்தவை விதை போட்டுவிட்டுச் செத்துப்போகிறவை. செடியைப் பிடுங்காமலே இதைத் தெரிந்துகொள்ளலாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

2013 ஜூன் வெள்ளத்தில் அந்த மலைப் பக்கம் பட்ட பாட்டை நாம் எல்லாரும் செய்தியில் பார்த்தோம். கோவிந்த்காட்டில் வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டன, காங்கரியா போகும் பாதையே அறுந்தது. அங்கெல்லாம் ஆறு வழி மாறுவதும், புதுக் கல்லைக் கொண்டுவந்து கொட்டுவதும் சின்ன அளவில் ஆண்டுதோறும் நடக்கிறதுதான். அப்படிக் கொட்டிய வெறும் கல்லில் முதலில் வேர் பிடிக்கிற செடிகளில் ஒன்று இது. அலாஸ்கா, சைபீரியா, கிரீன்லாந்து என்று வடதுருவத்தைச் சுற்றியும் இதே செடி இதே வேலையைச் செய்கிறது. கிரீன்லாந்தின் தேசிய மலரும் இதுதான். அந்த மக்கள் 'நிவியார்சியாக்' என்கிறார்கள். இளம்பெண் என்று பொருள். இங்கே வளராத செடிக்குத் தமிழில் வழக்குப் பெயர் இருக்க வழியில்லை. என் குறிப்பேட்டில் 'பனியாற்றுப் பூ' என்று எழுதி வைத்திருக்கிறேன். அச்சில் போட ஒரு பெயர் தேவை என்றால் தாங்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ரிவர் பியூட்டி என்றே போடுங்கள். காசித்தும்பை என்று மட்டும் போட வேண்டாம்.

பெயரில் என்ன இருக்கிறது, அழகாக இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். பெட்டிச் செய்தியைப் படித்த பிறகு என்னால் அப்படி விட முடியவில்லை. மலர்ப் பள்ளத்தாக்கு 1982 முதல் தேசியப் பூங்கா. 2005-ல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கிருந்து அனுமதியில்லாமல் செடியோ விதையோ எடுப்பது 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். படித்தவர்கள் தங்கள் பத்திரிகை சொன்னதாயிற்றே என்று நம்பி நாலு நெற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், அகப்பட்டுக்கொள்வது அவர்கள்.

சட்டத்தைவிடப் பெரிய கவலை வேறு. இமயமலைக் காசித்தும்பை என்று உலகம் அறிந்த செடியை 1839-ல் தோட்ட அழகுக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று பிரிட்டனின் ஆற்றங்கரைகளில் அது அங்கத்திய செடிகளை அமுக்கிவிட்டு மண்டிக் கிடக்கிறது. கோடைதோறும் தன்னார்வலர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கையால் பிடுங்குகிறார்கள். தாங்கள் தவறாகச் சூட்டிய பெயர் அந்தச் செடியினுடையது. தாங்கள் சொன்ன யோசனையும் அன்று அவர்கள் செய்த அதே காரியம். சரியான செடிக்கே வந்தாலும் சங்கதி மாறாது. வில்லோஹெர்ப் நெற்று நான்காகப் பிளந்தால், நம்மூர் எருக்கங்காய் வெடித்ததைப் போலப் பட்டுப் பஞ்சு கட்டிய விதைகள் காற்றில் ஏறிவிடும். எங்கே போய் இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? நீலகிரியின் புல்வெளிகள் ஏற்கெனவே சீகை (வாட்டில்) மரத்தாலும், வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஸ்காட்ச் புரூம் புதராலும் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. காட்டின் விளிம்பெல்லாம் உண்ணிச்செடி. அங்கே கொண்டுபோய் இன்னொன்றைத் தூவும்படி ஒரு தமிழ் நாளிதழ் சொல்லலாமா?

இந்தக் குடும்பத்துப் பூவை அருகில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற வாசகர்கள் விதைக்காக இமயம் போக வேண்டாம். எங்கள் டெல்டாவில் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் நீர்க்கிராம்பு என்று ஒரு செடி நிற்கும். களை எடுக்கும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். மஞ்சள் பூ, இதழ் நான்கு. பூவுக்குக் கீழே சூற்பை கிராம்பு மாதிரி நீண்டிருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். பெரிய பூ வைக்கும் வகையில் மகரந்தத் தாளை எண்ணினால் எட்டு வரும். விதையில் பஞ்சு மட்டும் இருக்காது, புல்லி இதழும் உதிராமல் காயின் தலையிலேயே நிற்கும். மற்றபடி அந்தப் பனியாற்றுப் பூவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கீழ்மட்டச் சூற்பை நடத்தியதெல்லாம் இந்தச் செடியை வைத்துத்தான். பள்ளிக்குப் பின்னால் வாய்க்கால் ஓடியதால் அது என்றைக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு. வரும் ஞாயிறு அதே பயணப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், படத்தின் பெயரைத் திருத்தி வெளியிடுங்கள். உள்பக்க மூலையில் ஒரு வரியாக வேண்டாம். அரைப் பக்கப் படத்தைப் பார்த்தவர்கள் அந்த மூலையைப் பார்க்க மாட்டார்கள். விதை கொண்டுவரச் சொன்ன பெட்டிச் செய்தியைத் திரும்பப் பெறுவதாகவும் அதிலேயே போடுங்கள். 2018-ல் நான் எடுத்த மூன்று படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒன்று பூவின் முகம், ஒன்று பக்கவாட்டில் சூற்பை தெரியும்படி, இன்னொன்று ஆறு அரித்த கரையில் வேர்க்கட்டை. மூன்றாவது படத்தின் ஓரத்தில் தெரிகிற கை என் தங்கையுடையது. அளவு தெரிவதற்காக வைக்கச் சொன்னேன். படங்களைப் பயன்படுத்திக்கொள்ளத் தடையில்லை, பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
மன்னார்குடி.